காலைப் பிடிக்கிறவனுக்குக் கதை கிடையாதா?

மக்களே, ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. ரிலீஸ் ரிலீஸ்னு ஆபீஸ்ல உயிரை எடுத்துட்டாங்க. இனிமேலும் எழுதலேன்னா தலை வெடிச்சிரும்ங்கிற நிலைமையில உக்காந்து தட்டிக்கிட்டிருக்கேன். டிஸ்கி முதல்லயே போட்டுடுறேன்: இது காட்டமான பதிவு. கபடின்னா என்னன்னே தெரியாது, ஆனா கருத்து மட்டும் உண்டுங்கிறவங்க இப்பவே ஜகா வாங்கிக்கலாம்.

விஷயம் இதுதான். 2025 அக்டோபர் 17-ம் தேதி 'பைசன் காளமாடன்' வந்தாலும் வந்துச்சு, நம்ம பதிவுலக மக்கள் ஆளாளுக்குக் கபடி நிபுணர் ஆயிட்டாங்க. சந்தோஷம்தான், இல்லேங்கல. ஆனா அதுல ஒரு நண்பர் (நல்ல மனுஷன், அதனால பேரைச் சொல்லல) போகிற போக்குல ஒண்ணை எழுதிட்டுப் போனார். பாடிப் போறவன்தான் வீரன், ஒத்த ஆளா ஏழு பேரை எதுத்து நிக்கான், பிடிக்கிறது கும்பல் வேலை, அதுல என்ன தனித்திறமை இருக்குன்னு கேட்டிருந்தார். கீழ இருபது பேர் 'சரியாச் சொன்னீங்க தல'.

எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. ஏன்னு சொல்றேன்.

எங்க சித்தப்பா மகன் ஒருத்தன் இருக்கான். என்னைவிட ரெண்டு வயசு சின்னவன். ஊர்ல அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. 'உடும்பு'. பிடிச்சா விட மாட்டான், அதான். எங்க ஊர் தாமிரபரணிக் கரையில, சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவுல இருக்கு. பிசானம் அறுத்த பிறகு மாசி பங்குனியில வயக்காடு சும்மா கிடக்கும்லா, அங்கதான் கோடு போட்டு ஆடுவோம். நானும் ஆடியிருக்கேன். ஆனா நான் ஆடினதைப் பத்தி எழுதினா ஊர்க்காரனே வந்து அடிப்பான் :-)

முதல்ல அந்த 'கும்பல் வேலை'க்கு வருவோம். ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒரு பக்கத்துக்கு ஆறரை மீட்டர். பாடி வர்றவனுக்கு 30 விநாடி. எதிர்ல ஏழு பேர் நிக்காங்க, சரி. ஆனா ஏழு பேரும் ஒரே வேலை செய்யல. ரெண்டு ஓரத்துலயும் நிக்கிறவன் கார்னர். நடுவுல ரெண்டு பக்கமும் கவர். கார்னர் வேலை காலைப் பிடிக்கிறது, கவர் வேலை வந்து மோதி வெளிய தள்ளுறது, இல்லேன்னா குறுக்க பூந்து மறிக்கிறது. பாடி வர்றவன் நடுக்கோட்டுல இருந்து மூணே முக்கால் மீட்டர் வந்து பாக் லைனைத் தாண்டணும். அதுக்கு அப்புறம் ஒரு மீட்டர்ல போனஸ் கோடு. எதிர்ல ஆறு பேரோ அதுக்கு மேலயோ நின்னா அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு காலை வச்சு, மத்தக் காலைத் தூக்கினா ஒரு பாயிண்ட்.

இப்பக் கவனிங்க. அந்த மத்தக் கால் தரையில இருந்து எழும்புற நொடி இருக்கு பாருங்க, அப்ப அவன் ஒத்தக் கால்ல நிக்கான். கார்னருக்கு அதுதான் வாசல். அந்த வாசல் எவ்வளவு நேரம் தொறந்திருக்கும்? கண்ணை மூடித் திறக்குற நேரம்கூட இல்ல. கொஞ்சம் முன்னாடி குனிஞ்சா கையைத் தொட்டுட்டுப் போயிருவான். கொஞ்சம் பின்னாடி குனிஞ்சா வெறும் காத்துதான் கையில வரும். அதுவும் அவன் நிஜமாத்தான் கால் வைக்கானா, இல்ல வைக்கிற மாதிரி பாவ்லா காட்டி நம்மளைக் குனிய வைக்கானான்னு தெரியணும். உடும்புகிட்ட ஒரு தடவை கேட்டேன், எப்படில கண்டுபிடிக்கன்னு. 'காலைப் பாக்கக் கூடாதுண்ணே, கால் பொய் சொல்லும். இடுப்பைப் பாக்கணும், இடுப்பு பொய் சொல்லாது'ன்னான். பத்தாங்கிளாஸ்ல கணக்குல 40 மார்க் வாங்கினவன் அவன். நான் இஞ்சினியரிங் நாலு வருஷம் படிச்சும் இப்படி ஒரு தெளிவான வாக்கியத்தை எந்த வாத்தியார்கிட்டயும் கேட்டதில்ல.

இதுல இன்னொரு அநியாயம் இருக்கு. பாடிப் போறவன் சும்மா போயிட்டு சும்மா திரும்பி வரலாம். தப்பே இல்ல. ரெண்டு தடவை அப்படி வந்தா மூணாவது தடவைதான் ஏதாவது செஞ்சே ஆகணும். அப்பவும் மாட்டினா அவன் ஒருத்தன்தான் வெளிய போவான். பிடிக்கிறவன் தப்புப் பண்ணினா? அவன் மேல கை வச்ச நிமிஷமே முடிவு எடுத்தாச்சு. அவனை நம்பிப் பக்கத்துல இருந்து ஓடி வந்து விழுந்த ரெண்டு பேரும் சேர்ந்து வெளிய. மூணு பாயிண்ட் போச்சு. சரி, ஒழுங்காப் பிடிச்சா? ஒரே ஒரு பாயிண்ட். களத்துல மூணு பேரோ அதுக்குக் கம்மியாவோ இருக்கும்போது பிடிச்சா மட்டும் கூட ஒண்ணு. தப்புக்கு மூணு தண்டம், சரிக்கு ஒரு கூலி. இந்தக் கணக்குல எவனாவது வேலைக்குச் சேருவானா சொல்லுங்க?

(எங்க ஆபீஸ்லயும் இதே கதைதான். புதுசா ஒரு ஸ்கிரீன் பண்ணி டெமோ காட்டுறவனுக்குக் கேக் வெட்டுவாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழாமப் பிடிச்சு வச்சவனை, மறுநாள் ஏன் லேட்டுன்னு கேப்பாங்க. சரி, அந்தப் புலம்பல் இன்னொரு நாள்.)

அந்த எண்ணிக்கையே பிடிக்கிறவனுக்கு எதிராத்தான் இருக்கு. புரோ கபடியில பர்தீப் நர்வால் பாடி எடுத்த பாயிண்ட் 1,800-ஐ ஒட்டி வரும். அதே லீக்ல பிடிச்சு எடுத்ததுல மேல நிக்கிற இரான்காரர் ஃபசல் அத்ராசலி 500-ஐத் தாண்டினதையே சாதனைன்னு கொண்டாடினாங்க. சாதனைதான். ஆனா இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குற ஒரு பன்னெண்டு வயசுப் பையன் என்ன முடிவெடுப்பான்? ஒரே பாட்டுல நாலு பேரைத் தொட்டா நாலு. நாலு பேர் சேர்ந்து ஒருத்தனைப் பிடிச்சா ஒண்ணு. அந்த ஒண்ணும் முதல்ல கை வச்சவன் பேர்லதான் போகும். மத்த மூணு பேர் சும்மா வந்து விழுந்த கணக்கு.

சரி, பைசனுக்கு வருவோம். படத்தைக் குறை சொல்றேன்னு யாரும் கம்பைத் தூக்கிட்டு வராதீங்க. பாளையங்கோட்டையில போய் ரெண்டு தடவை பாத்தேன். மணத்தி கணேசன் நம்ம ஆத்துக்காரர். 1986 அக்டோபர்ல மாவட்டத்தைப் பிரிக்கிற வரைக்கும் மணத்தி திருநெல்வேலி ஜில்லாவுலதான் இருந்துச்சு. (தூத்துக்குடிக்காரங்க சண்டைக்கு வராதீங்க, பங்கு போட்டுக்கிடுவோம்.) 1994-ல ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுல தங்கம் ஜெயிச்ச டீம்ல இருந்தவர். 1995-க்கான அர்ஜுனா விருது வாங்கினவர். அவர் கதையை எடுக்க முப்பது வருஷம் ஆச்சேங்கிறது ஒரு வருத்தம், எடுத்தாங்களேங்கிறது ஒரு சந்தோஷம்.

என் சண்டை படத்தோட இல்ல. படம் பாத்துட்டு வந்து நாம பேசுற பேச்சோடதான். 2004-ல 'கில்லி', 2009-ல 'வெண்ணிலா கபடி குழு', இப்ப இது. எல்லாத்துலயும் ஹீரோ பாடிப் போறவன்தான். பிடிக்கிறவன் ஹீரோவோட பிரெண்டு, இல்லேன்னா வில்லனோட அடியாள். கேமராவுக்கு ஒருத்தன் தனியா நடந்து வர்றது அழகா இருக்கும், ஒத்துக்கிடுதேன். அதுக்காக நிஜத்துலயும் நம்ம கண்ணு கேமரா மாதிரியே இருக்கணுமா?

பிடிக்கிறவனுக்கும் கதை இருக்கு. ஒருத்தரைச் சொல்றேன். தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டி. நம்ம தாமிரபரணி இல்ல, காவிரி. ஆனா கரையோரத்து மண்ணுல ஆடினவன் எல்லாரும் ஒரே சாதின்னு நான் நினைக்கேன். வலது கார்னர். 1975-ல பிறந்தவர். புரோ கபடி லீக் எப்ப ஆரம்பிச்சது? 2014 ஜூலை 26. பெங்களூரு புல்ஸுக்காக அவர் இறங்கும்போது வயசு 39. மத்த விளையாட்டுல அந்த வயசுக்காரங்க கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு வர்ணனை பண்ணிக்கிட்டிருப்பாங்க. இவர் அப்பத்தான் டிவியில முதல் தடவையாத் தெரியுறார். லீக்ல இருந்த பஞ்சாப், ஹரியானாப் பசங்ககூட அவரை 'அண்ணா'ன்னே கூப்பிட்டானுங்க.

இப்ப என் கேள்வி. ஒரு விளையாட்டுக்காரரோட ஆரம்ப காலம்னா நாம எதைச் சொல்லுவோம்? பதினெட்டு வயசுல எங்க ஆடினான், இருபத்திரெண்டுல யாரு அவனைக் கண்டுபிடிச்சா, இருபத்தஞ்சுல என்ன செஞ்சான். சேரலாதனுக்கு லீக்கோட கணக்குப் புத்தகம் திறக்குறதே 39-ல. அந்தப் புத்தகத்தை மட்டும் பாக்குறவனுக்கு, ஏதோ நாப்பது வயசு ஆளு தற்செயலா வந்து நல்லாப் பிடிச்சிட்டுப் போனாருன்னு தோணும். அதுக்கு முன்னாடி மண்ணுல புரண்டு, முட்டி தேய்ஞ்சு, பஸ் பிடிச்சு ஊர் ஊராப் போய்ப் பழகின கைதான் அங்க வந்து பிடிச்சதுன்னு யார் சொல்றது?

அதுக்கு அப்புறமாவது சொன்னோமா? 2016-ல பாட்னா பைரட்ஸ் கேப்டன் அவர். ஜூலை 31-ம் தேதி ஹைதராபாத்துல ஃபைனல், ஜெய்ப்பூரை 37-29-னு ஜெயிச்சு கோப்பையைத் தூக்கினாங்க. அந்த சீசன்னு சொன்ன உடனே எல்லாரும் யாரைச் சொல்லுவாங்க? பத்தொம்பது வயசு பர்தீப்பை. அதே வருஷம் அக்டோபர்ல அகமதாபாத்துல உலகக் கோப்பை. இந்திய டீம்ல சேரலாதனும் இருந்தார், வயசு 41. ஃபைனல்ல இரானை 38-29. நினைவுல நிக்கிற பேர் அஜய் தாக்கூர். 2019-ல ஹரியானா ஸ்டீலர்ஸ் கேப்டன், வயசு 44. நாப்பத்தினாலு வயசுல, இருபது வயசுப் பையனோட கணுக்காலை, கீழ விழுந்து பிடிக்கிறது! எங்க ஆபீஸ்ல நாப்பத்தினாலு வயசு மேனேஜர் கீழ விழுந்த பேனாவை எடுக்க என்னைக் கூப்பிடுதாரு.

பர்தீப்பும் அஜய் தாக்கூரும் சாதாரண ஆளுங்க இல்ல, அது எனக்கும் தெரியும். ஆனா ஒரு அண்ணன் கார்னர்ல நின்னு கட்டிக் காத்ததைச் சொல்ல நம்மகிட்ட ஒரு வரிகூடவா இல்ல?

'பிடி முக்கியம்னா ஆதாரம் எங்க?'ன்னு கேக்குறவங்களுக்கு ரெண்டு மேட்சு, ஒரு சீசன். 1990 பெய்ஜிங்ல கபடியை ஆசிய விளையாட்டுல சேத்ததுல இருந்து 2014 வரைக்கும் ஆண்கள் தங்கம் ஏழு தடவையும் நமக்குத்தான். 2018 ஜகார்த்தாவுல அரையிறுதியில இரான் நம்மளை 27-18-னு கவுத்துச்சு. 40 நிமிஷத்துல நமக்கு 18 பாயிண்ட்! பாட நம்மகிட்ட ஆளு இல்லையா? உலகத்துலயே பெரிய பாட்டுக்காரங்க அத்தனை பேரும் நம்ம பக்கம்தான். அவங்க பிடிச்சாங்க, அவ்வளவுதான் கதை. அகமதாபாத்துல நாம அவங்களை ஜெயிச்ச ரெண்டே வருஷத்துல.

சீசன் நம்ம வீட்டுக் கதை. 2022-ல தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சம் குடுத்து பவன் செராவத்தை எடுத்தாங்க. அக்டோபர்ல முதல் மேட்சுலயே முட்டியில அடிபட்டு வெளிய போனார். அந்த சீசன் முடிஞ்சதுன்னு எல்லாரும் எழுதிட்டோம். நானும்தான், மறைக்கல. ஆனா 2017-ல சேந்ததுல இருந்து ஒரு தடவைகூட அரையிறுதி பாக்காத டீம், அந்த சீசன்லதான் முதல் முதலா அரையிறுதிக்குப் போச்சு. நரேந்தர்னு ஒரு பையன் பாடுறதுல பின்னி எடுத்தான், உண்மை. ஆனா அவன் பாடிட்டு வர்ற வரைக்கும் வீட்டைக் காத்தது யாரு? சாகர், சாகில், ஹிமான்ஷு, மோகித், நம்ம தமிழ்நாட்டுப் பையன் அபிஷேக். இதுல எத்தனை பேரை நம்ம மக்கள் முகத்தைப் பாத்தாச் சொல்லுவாங்க?

'இப்பத்தான் பிடிக்கிறவனுக்கும் கோடி கோடியாக் குடுக்காங்களே'ன்னு ஒரு பதில் வரும், தெரியும். குடுக்காங்க. ஃபசலுக்கு 2022-ல 1 கோடியே 38 லட்சம். இன்னொரு இரான்காரர் சாத்லூய்க்கு 2023-ல 2 கோடியே 35 லட்சம். ரெண்டு பேருமே இரானுங்கிறதைக் கவனிச்சீங்களா? அவங்க ஊர்ல சின்ன வயசுலயே பிடிக்கிறவனைப் பிடிக்கிறவனாவே பாத்து வளக்காங்க போல. எனக்குக் கோடி கிடைக்கிறவனைப் பத்திக் கவலை இல்ல. பதினஞ்சுல இருந்து இருபது வயசுக்குள்ள, நம்ம ஜில்லாவுல, கார்னர்ல நிக்கிறவனைப் பத்தித்தான் கவலை.

உடும்பு கதைக்கு வரேன். எங்க பக்கம் பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் போட்டி நடக்கும்போது நோட்டீஸ்ல 55 கிலோ, 65 கிலோன்னு எடைப் பிரிவு போட்டிருப்பாங்க. 55 கிலோ பிரிவுல இவன் நின்ன டீம் மூணு வருஷம் தோத்ததே இல்ல. ஒரு வருஷம் பரிசு குடுத்தாங்க. சிறந்த ரைடருக்கு ஒரு சைக்கிள். சிறந்த கேட்சருக்கு ஒரு ஹாட்பாக்ஸ். மைக்குல அறிவிச்சவர் ரைடர் பேரை மூணு தடவை சொன்னார். இவனைக் கூப்பிடும்போது 'ஏ தம்பி, அந்தப் பிடிக்கிற பையன் வாப்பா'.

அதைவிடக் கொடுமை செலக்சன். ஜில்லா டீமுக்கு ஆள் எடுக்காங்கன்னு காலையில ஏழு மணிக்கு வரச் சொல்லுவாங்க. எழுபது எம்பது பசங்க நிப்பானுங்க. ரெண்டு பக்கமாப் பிரிச்சு விட்டு 'பாடுங்கல'ன்னு சொல்லிட்டுப் பெரியவங்க நாற்காலியில உக்காந்துருவாங்க. பாடிப் போறவனுக்குப் பிரச்சினை இல்ல. அவன் பாட்டு அவன் கையில. ரெண்டு தடவை போனாலே அவன் யாருன்னு தெரிஞ்சிரும். பிடிக்கிறவன்? அவன் பக்கத்துல நிக்கிற கவர் யாருன்னே அவனுக்குத் தெரியாது. எந்த ஊர்க்காரன்னு தெரியாது. இவன் காலைப் பிடிச்ச நொடியில அவன் வந்து விழணும். ஒரு நொடி லேட்டா வந்தா, பிடிச்ச காலோட இவனையும் இழுத்துக்கிட்டுப் போய் நடுக்கோட்டைத் தொட்டுருவான். பாக்குறவங்க கண்ணுக்கு 'இவனுக்குப் பிடி நிக்கலப்பா'. அவ்வளவுதான், அடுத்த ஆளு.

மூணு வருஷம் போனான். மூணு வருஷமும் இதே கதை. ஒரு வருஷம் இவன் முன்னால பாட்டே வரலை. பாடினவன் எல்லாம் வலது பக்கம் போனான், இவன் இடது கார்னர். காலையில ஏழு மணிக்கு வந்து பன்னெண்டு மணிக்கு ஒரு காலைக்கூடத் தொடாம வீட்டுக்கு வந்தான். 'என்னல ஆச்சு'ன்னு சித்தப்பா கேட்டதுக்கு 'யாரும் என் பக்கம் வரலப்பா'ன்னான். கபடி தெரிஞ்சவனுக்கு இதுல ஒரு உள்குத்து புரியும். நல்ல கார்னர்னு தெரிஞ்சா அந்தப் பக்கம் எவனும் வர மாட்டான்! ஊர் ஊரா இவன்கூட ஆடின பசங்கதான் அங்கயும் பாடினானுங்க. தெரிஞ்சே ஒதுங்கிப் போனானுங்க. அவன் திறமைதான் அவனை யார் கண்ணுலயும் படாமப் பண்ணிருச்சு. இதை நாற்காலியில உக்காந்திருந்த ஒருத்தராவது யோசிச்சிருக்கணுமா வேண்டாமா?

ஜில்லா டீம்ல இல்லேன்னா மாநிலம் இல்ல. மாநிலச் சான்றிதழ் இல்லேன்னா காலேஜ்ல விளையாட்டுக் கோட்டா இல்ல. அரசு வேலையில விளையாட்டுக்காரங்களுக்கு 3 சதவீதம்னு போட்டிருக்காங்க, நல்ல விஷயம், ஆனா அந்த வரிசையில நிக்கிறதுக்கே காகிதம் வேணும். அந்தக் காகிதத்துக்கு முதல் படியே அந்த ஏழு மணிச் செலக்சன்தான். இப்பப் புரியுதா, 'கும்பல் வேலை'ன்னு ஒருத்தர் போகிற போக்குல எழுதும்போது எனக்கு ஏன் எரியுதுன்னு? நாற்காலியில இருந்தவங்க நினைப்பும் அதேதான். பிடிக்கிறதுக்கு எவனை வேணா போட்டுக்கலாம், பாடுறவனை மட்டும் பாத்து எடு.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், கொஞ்சம் கசப்பான விஷயம். நம்ம பக்கம் 'காலைப் பிடிக்கிறது'ன்னா என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும். வசவு. 'போய் அவன் காலைப் பிடி'. கார்னர் ஆடுறவனோட மொத்த வித்தையும் நம்ம மொழியில வசவா இருக்கு. உடும்பை எங்க தாத்தாவே கேட்டிருக்காரு, 'ஏல, ஊரான் காலையா பிடிக்கப் போற?'ன்னு. அதுக்கு மேல சாதி. படம் காட்டுற தொண்ணூறுகள் மட்டும் இல்ல, எங்க காலத்துலயும் இருந்துச்சு. ஒரு கொடைப் போட்டியில பக்கத்து ஊர்ப் பெரிய வீட்டுப் பையனை இவன் கணுக்காலைப் பிடிச்சு முகம் குப்புற விழ வச்சான். சுத்தமான பிடி, ரெஃப்ரி விசில் ஊதிக் கையைக் காட்டியாச்சு. அரைமணி நேரம் ஆட்டம் நின்னுச்சு. எந்தத் தெருக்காரன் எவன் காலைத் தொட்டு இழுக்கிறதுன்னு பேச்சு. பாடிப் போறவன் தொட்டுட்டு ஓடிருவான். பிடிக்கிறவன் தொட்டா விட மாட்டான், வித்தியாசம் அதுதான். அன்னைக்கு எங்க ஆளுங்களே இவன்கிட்ட வந்து 'அடுத்த பாட்டுக்கு விட்டுரு'ன்னு சொன்னாங்க. அடுத்த பாட்டுக்கும் பிடிச்சான். அதுக்கு அப்புறம் அந்த ஊர்ப் போட்டிக்கு எங்க டீமைக் கூப்பிடுறதே இல்ல.

மீதிக் கதையைச் சீக்கிரம் முடிச்சிடுறேன், நீளமா எழுத மனசு இல்ல. கெஸ்ட் பிளேயரா ஊர் ஊராப் போனான். ஒரு ராத்திரிக்கு ஐநூறு ரூபாயும் பிரியாணியும். ஒரு போட்டி மேட்டுல. அதுவரைக்கும் மண்ணுலயே வெறுங்கால்ல ஆடினவன், அன்னைக்கு யாரோ ஒருத்தன் ஷூவைக் கடன் வாங்கிப் போட்டுக்கிட்டு இறங்கினான். மண்ணுல கால் வழுக்கிக் குடுக்கும், தோல்தான் போகும். மேட்டுல ஷூ கவ்விப் பிடிக்கும், கால் நின்னுரும், உடம்பு மட்டும் திரும்பும். காலைப் பிடிச்சான், வழக்கம் போல விடல, முட்டி திரும்பிருச்சு. ஜவ்வு கிழிஞ்சிருச்சுன்னாங்க. போட்டி நடத்தினவங்க ஆட்டோ காசு குடுத்தாங்க. ஆபரேசனுக்குச் சித்தப்பா வயலை ஒத்திக்கு வச்சாரு. இப்ப லோடு ஆட்டோ ஓட்டுதான்.

சேரலாதன் மாதிரி அவனும் வந்திருப்பான்னு நான் சொல்ல வரல. வந்திருக்க மாட்டானா இருக்கும். ஆயிரத்துல ஒருத்தன்தான் வருவான். ஆனா அந்த ஆயிரம் பேரையும் பாத்துட்டுத்தானே ஒருத்தனை எடுக்கணும்? பாக்கவே இல்லையே!

பெரிசா ஒண்ணும் கேக்கல. செலக்சன்ல கார்னரையும் கவரையும் ஒரே ஊர் ஜோடியா நிறுத்திப் பாருங்க. ஒவ்வொரு கார்னருக்கும் பத்துப் பாட்டு அவன் பக்கமாவே வரச் சொல்லுங்க, அதுக்கு எவ்வளவு நேரம் ஆயிரும்? ஊர்ப் போட்டியில ஸ்கோர் எழுதுற பையன்கிட்ட 'யார் பிடிச்சான்'னு ஒரு கட்டம் சேத்து எழுதச் சொல்லுங்க. ஒரு நோட்டு, ஒரு பேனா. இப்ப முதலமைச்சர் கோப்பைன்னு பெரிசா நடத்துறாங்க, ஆயிரக்கணக்குல பசங்க ஆடுறானுங்க, அங்க எழுதி வச்சாலே போதும். பத்து வருஷம் கழிச்சு ஒரு கார்னரோட ஆரம்ப காலத்தைப் பத்தி எழுத எவனாவது உக்காந்தா, கையில ஏதாவது இருக்கும். அப்புறம் அந்த ஹாட்பாக்ஸை நிறுத்துங்கய்யா. சைக்கிள்னா ரெண்டு பேருக்கும் சைக்கிள்.

நம்ம பதிவர்களுக்கு: அவங்கவங்க ஊர்ல பிடிச்ச ஆளு ஒருத்தராவது இருப்பாங்க. இப்ப அறுபது வயசாகி டீக்கடையில உக்காந்திருப்பாரு, இல்ல வாய்க்கால் மடையைத் திறந்துக்கிட்டிருப்பாரு. போய் முட்டியைக் காட்டச் சொல்லுங்க, தழும்பைப் பாத்தே கண்டுபிடிச்சிரலாம். கேட்டு எழுதுங்க. ஹீரோ கிடைக்கலேன்னு இனிமே யாரும் புலம்ப வேண்டாம்.

அந்த நண்பருக்கு மட்டும் தனியா: அண்ணாச்சி, கோவம் வேண்டாம். இந்தப் பொங்கலுக்கு எங்க ஊருக்கு வாங்க, வண்டி அனுப்புதேன். உடும்பு இப்ப ஆடுறதில்ல, கோட்டுக்கு வெளிய நின்னு சின்னப் பசங்களுக்குக் கால் வைக்கிற இடம் சொல்லிக் குடுத்துக்கிட்டிருப்பான். உங்களை இடது கார்னர்ல நிறுத்துதோம். பாடி வர்றவன் பதினாலு வயசுப் பையன்தான், பயப்படாதீங்க. ஒரே ஒரு தடவை அவன் காலைப் பிடிச்சுக் காட்டிட்டு, அப்புறம் எங்க சித்தி ஹாட்பாக்ஸ்ல இட்லி வச்சிருப்பாங்க, சாப்பிட்டுக்கிட்டே பேசுவோம், அது கும்பல் வேலையா இல்லையான்னு.